கராஜை வாடகைக்கு எடுக்கும் முன் குனிந்து பாருங்கள்

கடையொன்றை வாடகைக்கு எடுப்பது இன்று சிறு வியாபாரிகளுக்கு இலகுவான காரியமாக இல்லை. பிரதான வீதியோரத்தில் பத்தடிக்குப் பத்தடி அறையொன்றுக்குக் கூட பெருந்தொகை முற்பணம் கேட்கப்படுகின்றது. இதனால் நம்மவர்களில் பலர் குடியிருப்பு ஒழுங்கைகளின் பக்கம் திரும்பியிருக்கின்றனர். தெஹிவளையிலும் வெல்லம்பிட்டியிலும் வத்தளையிலும் கண்டியைச் சுற்றியுள்ள ஊர்களிலும் வீட்டோடு சேர்ந்த கராஜ் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதனைக் களஞ்சியமாகவோ தையல் வேலைத்தளமாகவோ சமோசா, ரோல்ஸ் தயாரிக்கும் சமையலறையாகவோ மாற்றிக்கொள்வது சாதாரண விடயமாகிவிட்டது. சொந்த வீட்டுக் கராஜிலேயே தொழிலை ஆரம்பிப்பவர்களும் உள்ளனர்.

கராஜ் என்றதும் வாகனம் திருத்தும் இடத்தை எண்ண வேண்டாம். வீட்டுக்காரர் தனது காரை நிறுத்துவதற்காகக் கட்டிய, ரோலர் கதவு போட்ட அந்த ஒற்றை அறையையே இங்கு குறிப்பிடுகிறேன்.

நான் சீமெந்து, பெயின்ட், டைல்ஸ் விற்கும் தொழிலில் இருப்பவன். "தரைக்குப் பூச என்ன பெயின்ட் நல்லம் நானா?" என்று கேட்டு வருபவர்களோடு ஒருமுறை சென்று இடத்தைப் பார்த்துவிட்டு வருவது எனது வழக்கம். அதில் எனது நலனும் கலந்திருக்கிறது. பூசிய பெயின்ட் உரிந்தால் பழி கடைக்காரன் தலையில்தான் விழும். இவ்வாறு சென்ற இடங்களில் நான் அவதானித்த ஒன்று உண்டு. இடம் பார்க்க வருபவர் வாடகையைக் கேட்கிறார். லொறி திரும்புமா என்று பார்க்கிறார். ரோலர் கதவை ஏற்றி இறக்கிப் பார்க்கிறார். தரையைக் குனிந்து பார்ப்பவர்கள் மிகக் குறைவு. ஆனால் கராஜில் பொருளைப் பழுதாக்கும் ஈரமும், ஆளைக் கொல்லும் எரிவாயுவும் தரைமட்டத்திலேயே இருக்கின்றன.

தரைக்குக் கீழே என்ன?

முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். சமநிலத்தில் கட்டப்பட்ட கராஜ் என்றால் கீழே மண் இருக்கும். கண்டி, அக்குறணை, மாவனல்லை போன்ற மேடுபள்ளமான ஊர்களில் கதை வேறு. அங்கு பல வீடுகளில் கராஜ் வீதி மட்டத்தில் இருக்கும். வீடு சரிவில் அதற்குக் கீழே இருக்கும். நீங்கள் தரை என்று நினைத்து மூடை அடுக்கும் கொங்கிரீட், கீழே படுத்துறங்கும் ஒரு குடும்பத்தின் கூரையாகும்.

கட்டடப் பொறியியலில் கார் நிறுத்தும் தளமொன்றுக்குப் பொதுவாகக் கணக்கிடப்படும் சுமை சதுர மீற்றருக்கு ஏறத்தாழ 250 கிலோ ஆகும். பிரித்தானிய நியமத்திலும் அமெரிக்க விதிகளிலும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இதை நமது மொழியில் சொன்னால், 50 கிலோ சீனி மூடை ஐந்தை வைத்தவுடன் அந்தச் சதுர மீற்றரின் கணக்கு முடிந்துவிடுகிறது. நாம் அவ்வாறா வைக்கிறோம்? ஒரு சதுர மீற்றரில் இரண்டு மூடைகளைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டு, பத்து வரிசை உயரத்துக்கு ஏற்றினால் 1000 கிலோ. அதாவது கணக்கிட்ட சுமையின் நான்கு மடங்கு. "கார் ஒன்றரை டொன் நிற்கிற இடம்தானே, மூடை நிற்காதா?" என்று கேட்பார்கள். கார் தனது பாரத்தை நான்கு சக்கரங்களில் பிரித்து எட்டு, ஒன்பது சதுர மீற்றர் பரப்புக்குப் பரப்பி வைக்கிறது. இரவில் வரும், காலையில் போய்விடும். மூடை மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும்.

பருப்பு, சீனி மொத்த வியாபாரம் செய்யும் ஒருவரோடு இவ்வாறான ஓர் இடத்துக்குச் சென்றேன். மேலே தரை கண்ணாடி போல இருந்தது. "கீழ் வீட்டை ஒருக்கா பார்க்கலுமா ஹாஜியார்?" என்று வீட்டுக்காரரிடம் கேட்டோம். அவரும் மறுக்காமல் அழைத்துச் சென்றார். கீழறையின் உட்கூரையில் நடுவாக ஒரு கோடு ஓடியது. இரு இடங்களில் சீமெந்துப் பூச்சு விழுந்து கம்பி துருவேறித் தெரிந்தது. அதற்குக் கீழேதான் பிள்ளைகளின் கட்டில் கிடந்தது. நண்பர் அந்த இடத்தை எடுக்கவில்லை. துணி, பிளாஸ்டிக் சாமான், பாதணி போன்ற பாரமில்லாத பொருட்களுக்குக் கூட இத்தகைய தளத்தை எடுப்பதற்கு முன் பொறியியலாளர் ஒருவருக்குக் காட்டுவதே நல்லது. அவருக்குக் கொடுக்கும் கட்டணம் ஒரு மாத வாடகையை விடப் பெரிதாக இருக்காது.

கீழே மண் இருக்கும் கராஜில் இடிந்து விழும் பயம் இல்லை. ஆனால் அந்த மண் எப்படி வந்தது என்பது முக்கியம். கொழும்பைச் சுற்றிய பல காணிகள் சதுப்பு நிலத்தை நிரப்பி எடுக்கப்பட்டவை. நிரப்பிய மண் சரியாக இறுக்கப்படாவிட்டால் அது மெல்ல மெல்ல அமர்ந்து, கொங்கிரீட் மட்டும் மேலே பாலம் போல நிற்கும். விளக்குமாற்றுத் தடியின் நுனியால் அடிக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டு போங்கள். திடமான இடத்தில் சத்தம் கனமாகக் கேட்கும். வெறுமையான இடத்தில் பானையைத் தட்டியது போல இருக்கும். டைல்ஸ் போட்ட தரையென்றால் டைல்ஸ் மட்டும் கிளம்பியிருந்தாலும் இந்தச் சத்தம் வரும் என்பதை மறக்க வேண்டாம்.

வெடிப்புகளைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தலைமயிர் அளவு மெல்லிய வெடிப்பு கொங்கிரீட் காயும்போது வருவது. செருப்பைக் கழற்றிவிட்டுக் காலால் தடவிப் பாருங்கள். வெடிப்பின் ஒரு பக்கம் மற்றப் பக்கத்தை விட உயர்ந்திருந்தால் நிலம் அமர்கிறது என்று பொருள். அதே வெடிப்பு சுவரிலும் ஏறிச் செல்வதாயின், சீமெந்து பூசி மறைக்கும் விடயமல்ல அது.

ஈரமும் வாட்டமும்

நமது காலநிலையில் அதிகமான சரக்கைப் பழுதாக்குவது ஈரம்தான். கார் நிறுத்தும் இடம்தானே என்று பலர் கொங்கிரீட்டுக்குக் கீழே பொலித்தீன் விரிக்காமல் போட்டிருப்பார்கள். காருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. மிளகு, கராம்பு, மல்லி, புடைவைக் கட்டு, கொப்பி, தோற்பாதணி என்பனவற்றுக்கு ஆகும். தரையோரத்தில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால், சுவரின் அடிப்பகுதிப் பெயின்ட் கொப்பளித்திருந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஈரம். புதிதாகப் பெயின்ட் அடித்து வாடகைக்கு விடும் இடங்களில் இவை கண்ணுக்குத் தெரியாது. அதற்கொரு சுலபமான சோதனை இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுரத் தடித்த பொலித்தீன் துண்டொன்றை எடுத்து, நான்கு ஓரங்களையும் அகலமான டேப்பினால் தரையோடு இறுக ஒட்டி ஒரு நாள் விடுங்கள். எடுத்துப் பார்க்கும்போது பொலித்தீனின் அடிப்பக்கம் வியர்த்திருந்தால் அல்லது கொங்கிரீட் கறுத்திருந்தால் ஈரம் கீழிருந்து வருகிறது. இந்த நிலையில் எபொக்சி பெயின்ட் பூசுவது வீண் செலவு. விற்பவன் நானே சொல்கிறேன், பூச வேண்டாம். ஈரம் அதைக் கொப்பளிக்கச் செய்து தகடு தகடாக எழுப்பிவிடும். பழைய எண்ணெய் ஊறிய தரைக்கும் இதே கதிதான்.

ஈரத் தரையை முற்றாகத் திருத்துவதாயின் அதை உடைத்துப் பொலித்தீன் விரித்து மீண்டும் போட வேண்டும். வாடகைக்காரர் அதைச் செய்ய மாட்டார். ஆகவே சரக்கைத் தரையிலிருந்து ஐந்தாறு அங்குலம் உயர்த்திப் பலகைத் தட்டில் வைத்து, சுவரிலிருந்தும் ஒரு சாண் தள்ளி, காற்றோட விடுவதுதான் வழி. பலகையில் கறையான் ஏறுகிறதா என்று மாதம் ஒருமுறை புரட்டிப் பார்க்க வேண்டும். மசாலாப் பொருட்களுக்கு நான் இந்த வழியையும் சிபாரிசு செய்ய மாட்டேன். வேறு இடம் தேடுவதே மேல்.

ஒழுங்காகக் கட்டிய கராஜின் தரை கதவை நோக்கிச் சற்று வாட்டமாக இருக்கும். காரிலிருந்து வடியும் மழைநீர் வெளியேறுவதற்காக அவ்வாறு செய்வார்கள். அடிக்கு எட்டில் ஒரு அங்குலம் சரிந்தால் கூட 16 அடி நீளத்தில் இரண்டு அங்குலம் இறக்கம் வந்துவிடும். ஏழடி உயர ராக்கையை அப்படியே கொண்டுபோய் வைத்தால் அதன் தலை முக்கால் அங்குலத்துக்கு மேல் முன்னால் சாய்ந்து நிற்கும். அதில் தகர டின்களை அடுக்கினால் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை. காலுக்கு ஆப்பு வைத்து மட்டம் பார்த்து, மேற்பகுதியைச் சுவரோடு இறுக்க வேண்டும்.

நமது ஒழுங்கைகளுக்கே உரிய இன்னொரு தொல்லை உண்டு. ஒவ்வொரு முறை தார் போடும்போதும் வீதி உயர்கிறது, கராஜ் பழைய மட்டத்திலேயே இருக்கிறது. வெளியே போக வேண்டிய தண்ணீர் உள்ளே வருகிறது. ஒரு வாளித் தண்ணீரைக் கதவடியில் ஊற்றிப் பாருங்கள், விடயம் புரிந்துவிடும். வெல்லம்பிட்டி, கொலன்னாவைப் பக்கம் இடம் எடுப்பவர்கள் 2016 மே மாத வெள்ளத்தில் தண்ணீர் எந்த உயரத்துக்கு வந்தது என்று வீட்டுக்காரரிடம் கேட்காமல் அயல்வீட்டாரிடம் கேட்க வேண்டும். அக்குறணை நகர வியாபாரிகளுக்கு இதை நான் சொல்லித்தரத் தேவையில்லை.

தரையில் தேங்கும் வாயு

அமெரிக்காவில் பல வீடுகளில் தண்ணீர் கொதிக்க வைக்கும் தாங்கியையும், குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கும் எரிவாயு அடுப்பையும் கராஜுக்குள்ளேயே வைப்பார்கள். வீடு வாங்குபவர் பரிசோதகர் ஒருவரை அழைத்து இவற்றைப் பார்ப்பது அங்கு வழக்கம். அவர்களது விதிகளில் ஒன்று, கராஜுக்குள் தீப்பொறி எழக்கூடிய எதுவும் தரையிலிருந்து குறைந்தது 18 அங்குலம் உயரத்தில் இருக்க வேண்டும் என்பது. இதற்கான காரணம் நமக்கும் பொருந்தும். பெற்றோல் ஆவி காற்றை விட மூன்று, நான்கு மடங்கு பாரமானது. நமது சிலிண்டரில் உள்ள புரொப்பேன் காற்றை விட ஒன்றரை மடங்கும் பியூட்டேன் இரண்டு மடங்கும் பாரமானவை. கசிந்தால் மேலே எழும்பாது. தண்ணீரைப் போலத் தரையில் பரவி, தாழ்ந்த இடத்தைத் தேடித் தேங்கும். காற்றில் 2 சதவீதம் அளவு கலந்தாலே பற்றிக்கொள்ளப் போதுமானது.

இப்போது நமது கராஜ் சமையலறையை எண்ணிப் பாருங்கள். நோன்பு காலத்தில் பின்னேரம் விற்பனைக்கு ரோல்ஸ், பெட்டிஸ் போடும் இடமொன்றைப் பார்த்தேன். மூலையில் இரண்டு சிலிண்டர்கள். பக்கத்தில் டீப் பிரீசர். அதன் மோட்டாரும் சுவிட்சும் அடிப்பாகத்தில்தான் இருக்கின்றன; அது தானாக ஓடி நிற்கும் ஒவ்வொரு தடவையும் உள்ளே சிறு பொறி எழலாம். எலியும் மழைத்தண்ணீரும் வராதிருக்க ரோலர் கதவின் அடியில் ரப்பர் பட்டி. தண்ணீரை வெளியே நிறுத்தும் அந்தப் பட்டியே வாயுவை உள்ளே நிறுத்தும் என்று அவர்கள் நினைத்திருக்கவில்லை. இரவில் கதவை இறக்கிப் பூட்டிவிட்டுப் போய், விடியுமுன் வந்து லைட் சுவிட்சைப் போடுகிறார்கள்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாட்டின் பல பாகங்களிலும் சமையல் எரிவாயு கசிந்து வெடித்ததை எவரும் மறந்திருக்க முடியாது. அதனை ஆராய நியமிக்கப்பட்ட குழு, வாயுக் கலவையின் விகிதம் மாறியதைப் பிரதான காரணமாகச் சுட்டிக்காட்டியது. புரொப்பேன் கூடினால் சிலிண்டருக்குள் அழுத்தம் கூடும். பழைய ரெகியுலேட்டரும் தளர்ந்த குழாயும் அதைத் தாங்காது. கலவை நமது கையில் இல்லை. சிலிண்டரை எங்கே வைப்பது என்பது நமது கையில் இருக்கிறது. அதை வெளிச்சுவரோரம், நாலாபக்கமும் காற்றோடும் கம்பிக்கூட்டில் நிமிர்த்தி வைத்து, குழாயை மட்டும் உள்ளே கொண்டு வர வேண்டும். அருகில் கான் மூடியோ கிடங்கோ இருக்கக்கூடாது. சில பழைய கராஜ்களில் காரின் அடிப்பாகம் பார்ப்பதற்கென்று குழியொன்று வெட்டிப் பலகையால் மூடியிருப்பார்கள். வாயு நிறைவதற்கு அதைவிட வசதியான இடம் கிடையாது. மண் நிரப்பிக் கொங்கிரீட் போட்டு மூடித் தராவிட்டால் அந்த இடம் சமையலுக்கு உதவாது. சுவரின் அடிப்பகுதியில், தரையை ஒட்டினாற்போல் காற்றுத் துவாரங்கள் இருக்க வேண்டும். மேலே எத்தனை ஜன்னல் இருந்தாலும் இதற்கு ஈடாகாது. இணைப்புகளுக்குச் சவர்க்கார நுரை பூசிக் குமிழி வருகிறதா என்று சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் பார்க்க வேண்டும்.

மின்பிறப்பாக்கி இன்னொரு வகை ஆபத்து. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் தடைப்பட்ட நாட்களில் வாங்கிய சிறிய இயந்திரங்கள் இன்னும் பல கராஜ்களின் மூலையில், பெற்றோல் கேனோடு சேர்ந்து கிடக்கின்றன. அதன் புகையிலுள்ள காபனோரொட்சைட்டுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. தலைவலி, மயக்கம் என்று தொடங்கி ஆளை எழும்பவிடாமல் செய்துவிடும். கதவு பாதி திறந்திருக்கிறது என்பது பாதுகாப்பல்ல. வெளியே, கதவு ஜன்னல்களிலிருந்து 20 அடிக்கு அப்பால் வைத்தே இயக்க வேண்டும். நுவரெலியா, ஹப்புத்தளைப் பக்கம் குளிருக்காக மூடிய அறையில் கரிச்சட்டி வைப்பதும் இதே வாயுவைத்தான் உண்டாக்குகிறது.

கராஜிலிருந்து வீட்டுக்குள் செல்லும் கதவையும் பாருங்கள். முன்சொன்ன அமெரிக்க விதிகளில் அந்தக் கதவு ஒன்றேகால் அங்குலத்துக்கு மேற்பட்ட கெட்டி மரமாக அல்லது 20 நிமிடம் தீயைத் தாங்குவதாக இருக்க வேண்டும். படுக்கையறைக்குள் நேரே திறக்கும் கதவுக்கு அனுமதியே இல்லை. நம்மிடம் பெரும்பாலும் பிளைவூட் கதவுதான், சில இடங்களில் திரைச்சீலை மட்டும். ரோலர் கதவை இறக்கிவிட்டு இரவில் தைப்பவர்களுக்கு அந்தக் கதவே இரண்டாவது வழி. அதன் குறுக்கே புடைவைக் கட்டை அடுக்கி வைத்திருப்பதை எத்தனை இடங்களில் பார்த்திருக்கிறேன்! மோட்டார் பூட்டிய ரோலர் கதவென்றால், மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கும் சங்கிலி வேலை செய்கிறதா என்று அன்றைக்கே இழுத்துப் பார்க்க வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றி நீட்ட விரும்பவில்லை. கராஜுக்கு ஒரு பல்பும் ஒரு பிளக்கும் என்றுதான் வயர் இழுத்திருப்பார்கள். 3000 வொட் ஓவன் ஒன்று மட்டும் 13 அம்பியர் எடுக்கும். அதோடு பிரீசர், மின்விசிறி, அயன் என்று ஒரே வயரில் தொங்கவிட்டால் வயர் சூடேறிச் சுவருக்குள்ளேயே கருகும். பிரதான பெட்டியிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், 30 மில்லி அம்பியர் ட்ரிப் சுவிட்ச். இவை இல்லாமல் ஓவனைக் கொண்டுபோக வேண்டாம். ட்ரிப் சுவிட்சில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தினால் அது விழ வேண்டும். விழாவிட்டால் அது இருந்தும் இல்லாததுதான்.

வாசனைத் திரவியம், பொடி ஸ்ப்ரே, சொக்லட் வியாபாரிகள் கூரையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். தகரக் கூரையும் இரும்பு ரோலர் கதவும் மேற்கு வெயிலுக்கு அடுப்பாகிவிடும். ஸ்ப்ரே டின்னில் 50 பாகைக்கு மேற்பட்ட சூட்டில் வைக்க வேண்டாமென்று அச்சிட்டிருப்பதை யாரும் வாசிப்பதில்லை. மதுசாரம் கலந்த சென்ட் போத்தல் உடைந்தால் அதன் ஆவி நமது சாதாரண அறை வெப்பத்திலேயே பற்றக்கூடியது.

இவ்வளவும் பார்த்துத் திருப்தியென்றால் எழுத்து வேலை. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னிலையில் எழுதப்பட்டால்தான் சட்டத்தில் நிற்கும். அதில் என்ன தொழிலுக்காக எடுக்கப்படுகிறது என்பதைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். தரை அமர்ந்தால், நீர் உள்ளே வந்தால் யார் செலவில் திருத்துவது என்பதையும் எழுதுங்கள். வீட்டுக்காரர் எடுத்துள்ள வீட்டுக் காப்புறுதி உங்கள் சரக்குக்குப் பொதுவாகச் செல்லாது. நீங்கள் தனியாக எடுக்கும்போது இது வீட்டுக் கராஜ் என்பதையும், உள்ளே அடுப்பு எரிகிறதா என்பதையும் படிவத்தில் மறைக்காமல் எழுத வேண்டும். மறைத்தது தெரிந்தால் தீ விபத்துக்குப் பின்னர் இழப்பீட்டை மறுக்க அந்த ஒரு வரியே போதும். உணவு தயாரிப்பதாயின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரையும் உள்ளூராட்சி மன்ற அனுமதியையும் முற்பணம் கொடுக்கும் முன்னரே விசாரித்துக்கொள்ளுங்கள்.

சாவியை வாங்கும் அன்று தரையில் உள்ள ஒவ்வொரு வெடிப்பின் இரு முனைகளிலும் பென்சிலால் கோடு கீறித் திகதியிட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்து வீட்டுக்காரரின் முன்னிலையிலேயே படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பிரதி அவருக்கு, ஒரு பிரதி உங்களுக்கு. இரண்டிலும் இருவரின் கையொப்பம். பின்னர் வெடிப்பு கோட்டைத் தாண்டினால் யாரும் யாரோடும் வாதாட வேண்டியிருக்காது. இடத்தை விடும்போது முற்பணத்தில் "தரையை உடைத்துவிட்டீர்" என்று கழிப்பதற்கும் இடமிருக்காது.